இருண்ட திரையும் இயங்கும் பொறியும்

1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க மின்னணுவியற் சஞ்சிகையொன்றின் முகப்பில் 'அல்தேர் 8800' என்னும் பொறியின் படம் வெளியாயிற்று. அதன் விலை நானூறு டொலருக்குச் சற்றுக் குறைவு. அவ்விலைக்குக் கிடைத்தது பொறியன்று. ஒரு பெட்டி நிறைய உதிரிப்பாகங்களே. வாங்கியவர் தாமே ஈயம் உருக்கிப் பற்றவைத்து அவற்றைப் பொருத்திக்கொள்ளல் வேண்டும். வீட்டிலிருந்தே கணினியைக் கூட்டியமைக்கும் வழக்கம் பலரிடையே பரவுவதற்கு அப்பொறி பெரிதுந் துணைசெய்தது. அதற்குத் திரை இல்லை. சாவிப்பலகையும் இல்லை. முகப்பில் நிரைநிரையாகச் சிறு விளக்குகளும் அவற்றின் கீழே ஆளிகளுமே இருந்தன. விளக்குகள் எரிவதையும் அணைவதையுங் கொண்டே உள்ளே நடப்பதை உரிமையாளர் அறிந்துகொண்டார். கண்முன் படமொன்று தோன்றவில்லையே என்று எவரும் கவலையுற்றாரல்லர்.

இன்று நிலைமை வேறு. கணினி என்றதும் மனத்தில் எழுவது திரையே. ஆகவே, பல மாதங்களாகச் சிறுகச் சிறுகப் பணஞ் சேர்த்து, பெட்டகம் ஒரு கடையிலும் தாய்ப்பலகை இன்னொரு கடையிலுமாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்து இரவிரவாகப் பொருத்திய ஓர் இளைஞன் ஆளியை அழுத்துகின்றான். விசிறிகள் சுழல்கின்றன; உள்ளே விளக்குகள் மின்னுகின்றன; திரை மட்டும் கரும்பலகைபோல் இருண்டு கிடக்கின்றது. அருகில் நின்ற தாயார், "தம்பி, இவ்வளவு காசும் வீணாய்ப் போச்சோ?" என்று கேட்கின்றார். அக்கேள்விக்கு அவனிடம் விடையில்லை. அந்நேரத்திலே அவன் செய்யக்கூடியவை இரண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் கழற்றி மறுபடியும் பூட்டுவது ஒன்று. தாய்ப்பலகை பழுதென்று தானே தீர்ப்புக் கூறிக் கடைக்கு ஓடுவது மற்றொன்று. இரண்டும் தவறே. முன்னதில் நல்ல பாகமும் முறிய இடமுண்டு. பின்னதில் குற்றமற்ற பாகத்தின்மீது பழிவிழ இடமுண்டு. திரை இருண்டிருத்தல் கணினி கெட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. வரவேண்டிய செய்தி எங்கோ வழியில் தடைப்பட்டது என்பதற்கு மாத்திரமே அது சான்று.

அந்த வழி யாது என்பதை முதலில் அறிதல் நன்று. ஆளியை அழுத்தியதும், சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் ஆடலோட்டத்தை மின்வழங்கியானது 12, 5, 3.3 வோல்ற் கொண்ட நேரோட்டமாக மாற்றத் தொடங்குகின்றது. அம்மின்னழுத்தங்கள் நிலைபெற்றன என்ற சமிக்கையை அரை விநாடிக்குள் அது தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. அதன் பின்னரே புரொசெசர் எனப்படும் செயலி விழித்தெழுகின்றது. தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளை அது ஒவ்வொன்றாக நிறைவேற்றுகின்றது. நினைவகம் உண்டா, அது சரியாகப் பேசுகின்றதா என்று பார்க்கின்றது. பின்னர் படத்தைத் திரைக்கு அனுப்பும் உறுப்பைத் தேடுகின்றது. அவ்வுறுப்பு கிடைத்த பின்னரே முதற் படம் தோன்றும். இச்சோதனைமுறை 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை வெளியிட்ட காலத்திலேயே வழக்கில் இருந்தது. சோதனை நன்கு முடிந்தால் அப்பொறி ஒரு குறுகிய ஒலியை எழுப்பும். ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் கேட்டால் படம் அனுப்பும் அட்டையிலே குறை என்பது பொருள். பார்க்க முடியாத வேளையிற் காதுக்குச் செய்தி சொல்லலாமென அமைத்தவர்கள் நன்கு சிந்தித்தே அமைத்தனர்.

எனவே, திரை என்பது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. முன்னுள்ள எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியிற் காணும் குறி ஒன்றே: இருள். காய்ச்சல் என்று மட்டும் சொல்லும் நோயாளிக்கு உடனே மருந்தெழுதும் வைத்தியரை எவரும் மெச்சார். கணினிக்கும் அப்படியே கேள்விகள் பல கேட்கவேண்டியிருக்கின்றது.

கேள்விகள் வெளியிலிருந்து தொடங்கவேண்டும். பெட்டகத்தைத் திறப்பதற்கு முன்னரே விடைகாணக்கூடியவை சில உண்டு. திரை முற்றாக இருண்டிருக்கின்றதா, அல்லது 'நோ சிக்னல்' என்னும் சொற்களைக் காட்டிவிட்டு இருள்கின்றதா? காட்டுமாயின் திரைக்கு உயிருண்டு. அதற்குச் செய்தி வரவில்லை. திரையின் பின்புறம் செருகுவாய்கள் இரண்டு மூன்று இருக்கும். வடம் ஒன்றிற் செருகப்பட்டிருக்க, திரையோ மற்றொன்றிற் செவிசாய்த்துக் கொண்டிருத்தல் வழக்கமாக நிகழ்வதே. திரையின் பொத்தானை அழுத்தி உரிய வாயிலைத் தெரிவுசெய்தால் அந்தத் தொல்லை ஒழியும். புதிய வரைகலை அட்டைகளின் வாய்களில் தூசு புகாதிருக்க மாட்டியிருக்கும் பிளாஸ்திக்கு மூடியைக் கழற்றாமலே அவ்வாயில் வடத்தை அழுத்திப் பார்த்து, வடம் பொருந்தவில்லையென மனம் நொந்தவர்களும் உளர்.

இவற்றிலும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. பெட்டகத்தின் பின்புறத்தில் தாய்ப்பலகைக்குரிய படவாய் மேலே அமைந்திருக்கும். தனி வரைகலை அட்டைக்குரிய வாய்கள் கீழே குறுக்காக அமைந்திருக்கும். தனி அட்டை பூட்டியவர் வடத்தை அந்த அட்டையிலேயே செருகவேண்டும். பலர் கைக்கெட்டிய மேல்வாயிற் செருகுகின்றனர். மேல்வாய்க்குப் படம் தருவது செயலியினுள்ளே அமைந்த வரைகலைப் பகுதி. அப்பகுதி எல்லாச் செயலிகளிலும் இல்லை. இன்ரெல் நிறுவனம் 2019 முதல் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்தைச் சேர்த்து விற்கும் செயலிகளிற் படந்தரும் பகுதி இயங்காது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வரிசையில், 2022இல் 7000 தொடர் வரும் வரை, மேசைக் கணினிக்கான செயலிகளிற் பெரும்பாலானவற்றில் அப்பகுதி இருக்கவில்லை. 'ஜி' என்ற எழுத்தைத் தாங்கியவற்றில் மாத்திரம் இருந்தது. இத்தகைய செயலியை வாங்கி, தனி அட்டை வாங்குவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவருக்கு எத்தனை நாள் காத்திருப்பினும் படம் வாராது. பொறியிலே பழுதொன்றுமில்லை, வாங்கிய பட்டியலிலேதான் குறை. விலை சற்றுக் குறைவென்று மட்டும் சொல்லி, அவ்வெழுத்தின் பொருளைச் சொல்லாமல் விற்கும் வணிகரைப் பாராட்ட இயலாது.

இனிப் பெட்டகத்தைத் திறக்கலாம். திறக்குமுன் சுவரிலிருந்து செருகியைக் கழற்றிவிட்டு, ஆளியை ஒருமுறை அழுத்தி எஞ்சியிருக்கும் மின்னை வெளியேற்றுதல் வேண்டும். பெட்டகத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்வதும் நன்று. உடலில் ஏறிய நிலைமின் அதன்வழியே நீங்கும். நமது நாட்டின் ஈரக்காற்றில் நிலைமின் அதிகம் ஏறுவதில்லை; குளிரூட்டிய அறையில் அந்தப் பாதுகாப்புக் குறைவு.

விசிறிகூட அசையவில்லையாயின் ஆய்வு எளிது. மின்வழங்கியின் பின்புறத்தில் ஒரு தனி ஆளியுண்டு. அது திறந்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். முகப்பு ஆளியிலிருந்து வரும் மெல்லிய கம்பியிணை தாய்ப்பலகையிலே தனக்குரிய இரு ஊசிகளில் ஏறியுள்ளதா என்பது அடுத்தது. அந்த ஊசிகளின் இடம் கைந்நூலிற் படமாக வரையப்பட்டிருக்கும். ஆளிக்கு இடம் வலம் இல்லை. விளக்குக்கு மாத்திரம் உண்டு.

விசிறிகள் சுழன்றும் படம் இல்லாமைதான் மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியாகக் கலக்கம் தருவதுமாகும். விசிறிகள் சுழல்கின்றனவே, ஆகவே மின் எங்கும் பாய்கின்றது என்று எண்ணுவதில் ஓர் ஏமாற்றம் உண்டு. தாய்ப்பலகைக்கு மின் இரு வழிகளாற் செல்கின்றது. ஒன்று 24 ஊசிகள் கொண்ட பெரிய செருகி. விசிறிகளும் விளக்குகளும் இதனாலேயே வாழ்கின்றன. மற்றொன்று பலகையின் மேல் மூலையில், செயலிக்கு அருகே உள்ள நான்கு அல்லது எட்டு ஊசிச் செருகி. செயலிக்கு வேண்டிய 12 வோல்ற் மின் இதன் வழியாகவே வருகின்றது. 2000ஆம் ஆண்டளவிற் செயலிகளின் மின்பசி பெருகியபோது இந்தத் தனிவழி ஏற்பட்டது. பெட்டகத்தினுள் கை நுழைவதற்கரிய மூலையில் அது அமைந்திருப்பதால், புதிதாகப் பொருத்துபவர் மறந்துவிடுவதற்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. அதை மறந்தால் விசிறிகள் சுழலும், செயலி உறங்கும், திரை இருளும்.

வரைகலை அட்டைக்கும் இதே வகையான எட்டு ஊசிச் செருகி உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும் ஊசிகளின் வடிவமும் மின்னின் திசையும் வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வலிந்து அழுத்தலாகாது. எளிதில் இறங்காத செருகி பெரும்பாலும் இடம் மாறிய செருகியே. அட்டையின் செருகுவாய் தானே தரக்கூடிய மின் 75 வாற்று. அதற்கு மேல் வேண்டுகின்ற அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து தனிவடம் தராவிட்டால் அதன் விசிறி சுழன்றாலும் படம் வாராது. இன்னோர் எச்சரிக்கையும் ஈண்டு கூறத்தக்கது. கழற்றி மாட்டக்கூடிய வடங்கள் கொண்ட மின்வழங்கிகளில், ஒன்றின் வடத்தை மற்றொன்றில் மாட்டுதல் கூடாது. மின்வழங்கியின் பக்கத்து முனையில் ஊசிகளின் ஒழுங்கு உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுபடும். வடம் பொருந்திவிடும், பாகம் கருகிவிடும்.

மின் சரியென்றால் அடுத்து நினைவகம். ராம் என வழங்கும் அத்தகடுகளே இருண்ட திரைக்கு அடிக்கடி காரணமாகின்றன. அவை செருகுவாயில் இறங்குவதற்குப் புதியவர் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலான அழுத்தம் வேண்டும். இரு விரல்களாலும் சமமாக அழுத்த, ஓரத்துத் தாழ் 'டக்' என்று தானே பூட்டிக்கொள்ளவேண்டும். ஒரு முனை இறங்கி மறுமுனை ஒரு நெல்மணியளவு உயர்ந்திருந்தாலும் செயலி அதைக் காணாது. நான்கு வாய்களுள்ள பலகையில் இரு தகடுகள் மட்டும் இருப்பின், செயலியின் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் அவற்றைச் செருகுமாறே பெரும்பாலான கைந்நூல்கள் கூறுகின்றன. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் இரு தலைமுறைத் தகடுகளுக்கும் ஊசிகள் 288தான். ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் வாயில் மற்றொன்று இறங்காது. இறங்கவில்லையே என்று பலம் பிரயோகித்தவர் பலகையையும் இழப்பர்.

நினைவகத்தோடு தொடர்புடைய இன்னொன்று பொறுமை. டி.டி.ஆர். 5 தகடு பூட்டிய புதுக்கணினி முதன்முறை விழிக்கும்போது, தகட்டோடு எந்த வேகத்திலே எந்த ஒழுங்கிலே பேசுவது என்பதைப் பலமுறை முயன்று தேர்ந்துகொள்கின்றது. அதற்குச் சில நிமிடங்கள் செல்லும். அந்நேரம் முழுவதும் திரை இருண்டேயிருக்கும். சில வேளைகளில் தானே அணைந்து மறுபடியும் எழும். இதையறியாதவர் ஒரு நிமிடத்தில் ஆளியை அழுத்தி அணைக்கின்றார், மறுபடி எழுப்புகின்றார், கணினியோ மறுபடியும் தொடக்கத்திலிருந்து தொடங்குகின்றது. இவ்வாறு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கழித்துவிட்டு, பொறி கெட்டதென்று முடிவுசெய்வதும் உண்டு. முதல் முறை கால்மணி நேரம் தொடாமல் விட்டுவிடுவது செலவில்லாத வைத்தியம்.

அதற்கும் மசியாவிட்டால் கணினியின் சொந்த மொழியைக் கேட்கவேண்டும். பழைய பெட்டகங்களில் இருந்த சிறிய ஒலிபெருக்கி இன்று பெரும்பாலும் இல்லை. ஆனால் அதற்குரிய ஊசிகள் பல பலகைகளில் இன்றும் உண்டு. சொற்ப விலைக்கு ஒரு சிறு ஒலிப்பானை வாங்கி மாட்டினால், பொறி மறுபடியும் பேசத் தொடங்கும். ஒலிகளின் பொருள் பலகைக்குப் பலகை வேறுபடுமாதலாற் கைந்நூலைப் பார்த்தே பொருள் கொள்ளவேண்டும். இன்றைய பலகைகள் பலவற்றில் அதனினும் எளிய ஏற்பாடு இருக்கின்றது. ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள், அவற்றினருகே சி.பி.யூ., டி.ராம், வீ.ஜி.ஏ., பூட் என்னும் எழுத்துகள். சோதனை நடக்கும்போது அவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கின்றதோ, அவ்விடத்திற் சோதனை நின்றுவிட்டது. முதலாவது செயலியையும் இரண்டாவது நினைவகத்தையும் மூன்றாவது வரைகலை அட்டையையும் சுட்டுகின்றன. வீ.ஜி.ஏ. என்பது 1987இல் ஐ.பி.எம். அறிமுகம் செய்த பட ஏற்பாட்டின் பெயர். அதன் நீலநிறச் செருகி புதிய அட்டைகளில் மறைந்துவிட்ட போதிலும் பெயர் மட்டும் விளக்கினருகே வாழ்கின்றது. நான்காவது விளக்கு எரியுமாயின் கவலை சிறிதே. அது வன்தட்டிலோ அதிலுள்ள மென்பொருளிலோ உள்ள குறை; அந்நிலையிற் படம் தோன்றியே இருக்கவேண்டும். இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும்: முதற் படத்துக்கு வன்தட்டுத் தேவையில்லை. ஆகவே விண்டோஸை மறுபடியும் நிறுவினால் இருள் நீங்குமென்று அறிவுரை சொல்பவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அதனாற் பயனில்லை.

விளக்குகளுமில்லாத பலகையாயின் குறைத்துப் பார்க்கும் முறையே சிறந்தது. தாய்ப்பலகையைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, அது வந்த காகித அட்டைப் பெட்டியின்மேல் வைக்கவேண்டும். வெள்ளி நிறமான நிலைமின் காப்புப் பையின்மேல் வைத்து இயக்கலாகாது. அதன் மேற்பரப்பு ஓரளவு மின்னைக் கடத்தும். செயலி, அதன் வெப்பந்தணிப்பான், ஒரேயொரு நினைவகத் தகடு, இரு மின்செருகிகள், செயலியிற் படப்பகுதி இல்லையெனில் வரைகலை அட்டை — இவ்வளவே போதும். இப்பொழுது படம் வந்தால் பழி பெட்டகத்தின்மேல். பலகையைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளுள் ஒன்று துளையில்லாத இடத்தில் எஞ்சி நின்று பலகையின் அடிப்புறத்தைத் தொட்டால் குறுஞ்சுற்று உண்டாகும். கீழே விழுந்து தேடாமல் விடப்பட்ட ஒரு திருகாணியும் அதையே செய்யும். படம் வராவிட்டால், தகட்டை அடுத்த வாய்க்கு மாற்றவேண்டும்; பின்னர் மற்றத் தகட்டை வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றம் மாத்திரமே செய்து, செய்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியவருக்குப் படம் வந்தாலும், எது குறையாயிருந்தது என்பது தெரியாது. அதே குறை ஒரு வாரத்தில் திரும்பி வரும்போது அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

எல்லாப் பாகங்களும் நலமாயிருந்தும் படம் வாராத ஒரு நிலையும் உண்டு. தாய்ப்பலகையின் சில்லிலுள்ள கட்டளைகள் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் செயலி பிறந்திருக்கவில்லையாயின், பலகை அதை அடையாளங் காணாது. ரைசன் 5000 தொடர் 2020 நவம்பரில் வெளியாயிற்று. அதற்கு முன்னர் தயாரித்துக் கடையிற் கிடந்த பலகைகள், செருகுவாய் பொருந்தியும், கட்டளைகளைப் புதுப்பிக்கும்வரை அச்செயலியோடு பேச மறுத்தன. சில பலகைகளில் செயலியில்லாமலே யூ.எஸ்.பி. நினைவுக்கோலிலிருந்து கட்டளைகளைப் புதுப்பிக்க ஒரு பொத்தான் உண்டு. இல்லாதவற்றுக்குப் பழைய செயலியொன்று கடனாகக் கிடைக்கவேண்டும். பலகையிலுள்ள 3 வோல்ற் வட்டப் பற்றரியைச் சுவர்மின் கழற்றிய நிலையில் சில நிமிடங்கள் நீக்கி மறுபடி வைத்தால், தவறாகப் பதிந்த அமைப்புகள் அழிந்து பொறி பிறந்த நிலைக்குத் திரும்பும். வேகத்தைக் கூட்டிப் பார்த்து இருளை வரவழைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் கைகொடுக்கும்.

இவ்வளவுக்குப் பின்னரும் இருள் நீங்காவிட்டாற் செயலியைக் கழற்றிப் பார்ப்பது கடைசிப் படி. இன்றைய செருகுவாய்களில் ஊசிகள் பலகையிலேயே உள்ளன. இன்ரெலின் ஒரு வகையில் 1700, ஏ.எம்.டி.யின் ஒரு வகையில் 1718. ஒன்று வளைந்திருப்பினும் ஒரு நினைவக வாய் ஊமையாகலாம், முழுப்பலகையும் ஊமையாகலாம். சாய்வாக ஒளிபாய்ச்சிப் பார்த்தால் ஒழுங்கு குலைந்த இடம் தெரியும். கையாற் தொடாமல் அப்பொழுதே நிறுத்துவது நல்லது. வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் தர விற்பனையாளர் பெரும்பாலும் மறுப்பர், நிமிர்த்த முயன்று முறித்ததற்கோ ஒருவரும் தாரார். மின்வழங்கியை எக்காரணங் கொண்டும் திறக்கலாகாது. சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் அதனுள் உள்ள கொள்ளளவிகள் உயிருக்கு ஆபத்தான மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

கடைக்குச் செல்வதாயின் வெறுங்கையோடு செல்லாமல் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லவேண்டும். எந்த விளக்கு எரிந்தது, எத்தனை ஒலி கேட்டது, எந்தத் தகட்டை எந்த வாயில் வைத்தபோது யாது நிகழ்ந்தது என்பன அதிலிருக்கும். தாய்ப்பலகை பழுதென்று விற்பனையாளர் கூறினால், நலமென்று தெரிந்த வேறொரு பலகையில் அதே செயலியையும் நினைவகத்தையும் வைத்துத் தம் கண்முன்னே இயக்கிக் காட்டும்படி கேட்கலாம். பற்றுச்சீட்டும், பாகங்கள் வந்த பெட்டிகளும், செருகுவாயை மூடியிருந்த சிறு பிளாஸ்திக்கு மூடியும் கூடவே இருக்கட்டும். அம்மூடி இல்லையென்பதைக் காட்டியே பலகையைத் திரும்ப ஏற்க மறுக்கும் விற்பனையாளர் உளர்.